போர் நடக்காத ஊரில் போர்க் கல்லறைகள்

றொசல்ல ஸ்டேஷனைக் கடந்து மேலே ஏறுகிற ரயில் பாதை நமக்குப் பழகிய பாதை. அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏறி, பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று இறங்கிப் போகும். தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை என்று நமக்குத் தெரியும். 1900 ஆகஸ்டிலிருந்து இதே தண்டவாளத்தில் வேறொரு கூட்டமும் மலை ஏறியது. தென்னாபிரிக்காவின் போயர் இனத்து விவசாயிகள், பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டவர்கள், கப்பலில் கொழும்புக்கு வந்து அங்கிருந்து ரயிலில் தியத்தலாவைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 100க்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. தியத்தலாவை மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்தச் சேமக்காலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே நம்மிடையே குறைவு. தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை இது. படிப்படியாகப் போவோம். எங்கேயோ நடந்த சண்டையின் கைதிகள் இங்கே ஏன் வந்தார்கள், வந்தவர்கள் எப்படி இறந்தார்கள், இறந்தவர்களை ஏன் மறந்தோம் என்று மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், நம் ஊர்க் கோயில் வளவில் புல் மூடிக் கிடக்கிற கல்லையும் நாமே வாசித்துவிடலாம்.

முதலில் சண்டை. தென்னாபிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகள்தான் போயர்கள். டிரான்ஸ்வால், ஒரேஞ்ச் சுதந்திர நாடு என்ற இரண்டு குடியரசுகள் அவர்களுடைய கையில் இருந்தன. டிரான்ஸ்வாலில் தங்கம் கிடைத்தது. தென்னாபிரிக்கா முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர நினைத்த பிரித்தானியாவுக்கும் அந்தக் குடியரசுகளுக்கும் 1899 அக்டோபரில் போர் மூண்டது. 1900 பெப்ரவரி 27ஆம் திகதி பார்டபெர்க் என்ற இடத்தில் போயர்களின் தளபதி பீட் குரோஞ்சே ஏறக்குறைய 4,000 பேரோடு சரணடைந்தார். ஒரே நாளில் இவ்வளவு கைதிகள். இவர்களை எங்கே வைப்பது?

உள்ளூரில் வைத்தால் தப்பியோடிப் போய்த் திரும்பவும் துப்பாக்கி எடுப்பார்கள். சுற்றிவர அவர்களுடைய சொந்தக்காரர்களின் பண்ணைகள், பழகிய வெளிகள். அதனால் கடல் தாண்டி அனுப்ப முடிவு செய்தார்கள். செயின்ட் ஹெலினா தீவு, பெர்மியூடா, இந்தியா, இலங்கை என்று பேரரசின் மூலை முடுக்கெல்லாம் போயர் கைதிகள் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் திருச்சியிலும் நீலகிரியின் கேத்தியிலும் முகாம்கள் இருந்தன. இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 5,000 பேர். பெரிய முகாம் தியத்தலாவையில். றாகம, கல்கிசை, அம்பாந்தோட்டை போன்ற இடங்களிலும் சிறிய முகாம்கள் இருந்தன.

தியத்தலாவையைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்த இடத்தைப் பார்த்தாலே விளங்கும். ரயில் 1894இலேயே பண்டாரவளை வரை போய்விட்டது. ஆயிரக்கணக்கானோரை இறக்கவும் அவர்களுக்கு அரிசி, மா, இறைச்சி அனுப்பவும் வழி இருந்தது. குளிர்ந்த காற்று. அதோடு ஊவாவின் பத்தனைப் புல்வெளி, மரம் அதிகம் இல்லாத மொட்டை மேடுகள். ஓடுகிறவன் தூரத்திலேயே தெரிவான். தகரக் கொட்டகைகளை வரிசையாக அடித்து, சுற்றிவர முட்கம்பி வேலி போட்டார்கள். முகாமுக்குள் பதின்ம வயதுப் பையன்களும் இருந்தார்கள், தாத்தாக்களும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், மரத்தில் கைத்தடியும் பெட்டியும் செதுக்கினார்கள். டச்சு சீர்திருத்தத் திருச்சபை மரபில் ஊறியவர்கள் என்பதால் வேதாகமமும் சங்கீதப் பாடல்களும் நாள்தோறும் ஒலித்தன. இறந்தவர்களைத் தங்கள் சபை முறைப்படி செபித்துத்தான் அடக்கினார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறோம். போர்க்காலக் கல்லறை என்றதும் நம் மனம் உடனே துப்பாக்கிச் சத்தத்துக்குப் போய்விடுகிறது. இங்கே ஏதோ சண்டை நடந்திருக்கும், கைதிகள் கலகம் செய்திருப்பார்கள், வரிசையாக நிறுத்திச் சுட்டிருப்பார்கள் என்று ஊரில் கதை கட்டுவதும் உண்டு. தியத்தலாவையில் போரே நடக்கவில்லை. அங்கே கிடப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் காய்ச்சலில் படுத்து இறந்தவர்கள். முக்கியமாக, நாம் நெருப்புக்காய்ச்சல் என்று சொல்கிற டைபாயிட்.

நெருப்புக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். நோயாளியின் மலத்தில் அந்தக் கிருமி வெளியேறுகிறது. அது தண்ணீரில் கலந்தோ, ஈயின் காலில் ஒட்டியோ, கழுவாத கை வழியாகவோ இன்னொருவரின் வாய்க்குப் போகவேண்டும். போன உடனே ஒன்றும் தெரியாது. ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கி, நாளுக்கு நாள் படி ஏறுவதுபோல் ஏறும். மூன்றாவது வாரத்தில் குடல் புண்ணாகி ஓட்டை விழுந்தால் அந்தக் காலத்தில் பிழைப்பது அரிது. சிகிச்சை இல்லாத நாட்களில் பத்துப் பேருக்கு நோய் கண்டால் ஒருவரோ இருவரோ இறந்தார்கள். இதைக் குணமாக்கும் மருந்து 1948இல்தான் கைக்கு வந்தது.

இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. நோய் மாறி எழுந்து நடப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் உடம்பில் கிருமி தங்கிவிடும். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுவார்கள், வேலை செய்வார்கள். லயத்து அடுப்பில் இரவு சாம்பல் மூடி வைக்கும் தணலைப் போலத்தான். பார்த்தால் அணைந்தது, விடியற்காலையில் சுள்ளியை வைத்து ஊதினால் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒருவர் முகாமின் சமையல் கொட்டகையில் வேலைக்கு நின்றால் போதும்.

இப்போது முகாமை நினைத்துப் பார்ப்போம். பல வாரம் கப்பலின் அடித்தட்டில் நெருக்கியடித்து வந்தவர்கள். அடுத்த வீட்டுக்கே குதிரையில் போகவேண்டிய அளவு தள்ளித் தள்ளி இருந்த பண்ணைகளில் வளர்ந்தவர்கள். சின்னமுத்துபோல நகரத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கண்டு தேறும் நோய்கள் பலவற்றை இவர்களில் பலர் கண்டதே இல்லை. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானோரை ஒரே வேலிக்குள் அடைத்து, ஒரே தண்ணீரைக் குடிக்க வைத்தால் காய்ச்சலுக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. ஒருவன் படுத்தால் அவன் கொட்டகையே படுக்கும்.

வேலிக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் வந்த கதியும் இல்லை இது. அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த சுமார் 22,000 படையினரில் மூன்றில் ஒரு பங்குதான் சண்டையில் மாண்டது. மற்றவர்களில் பெரும்பாலானோரை நெருப்புக்காய்ச்சலும் சீதபேதியும் போன்ற நோய்கள் கொண்டுபோயின. தென்னாபிரிக்காவிலேயே போயர் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்து வைத்த முகாம்களில் 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவை நோய்ச் சாவுகள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின ஆபிரிக்கர்களில் குறைந்தது 14,000 பேர் இறந்தார்கள். தியத்தலாவையில் ஒரு கைதி காய்ச்சலில் கிடந்தபோது, அவருடைய மனைவியும் பிள்ளையும் கடலுக்கு அப்பால் இன்னொரு வேலிக்குள் அதே காய்ச்சலில் கிடந்திருக்கலாம்.

ஒரு சேமக்காலையில் கிடப்பவர்கள் நோயில் இறந்தவர்களா, சண்டையில் இறந்தவர்களா என்று நாமே கண்டுபிடிக்க வழி உண்டு. அதற்குக் கல்லைவிடக் கோயிலின் அடக்கப் பதிவேடு உதவும். பெயர், வயது, இருப்பிடம் அல்லது படைப்பிரிவு, அடக்கம் செய்த நாள், சடங்கை நடத்திய குருவின் கையெழுத்து என்று வழமையாகப் பத்திகள் இருக்கும். பெயர்களை விட்டுவிட்டு நாட்களை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போவோம். குண்டில் இறந்தவர்கள் ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த இரண்டு நாளில் கூட்டமாக வருவார்கள். அதற்கு முன்னும் பின்னும் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். காய்ச்சலின் கணக்கு வேறு. முதலில் வாரத்துக்கு ஒருவர், பிறகு இருவர், பிறகு நாளுக்கு ஒருவர் என்று ஏறி, இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல இறங்கும். வயதுப் பத்தியில் பதினாறும் அறுபதும் அடுத்தடுத்த வரியில் நிற்கும். இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால், அந்த ஊர்த் தண்ணீர் கெட்டிருந்தது என்று நாமே சொல்லிவிடலாம்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஏன் மறந்தோம்? மேலே சொன்ன தவறான எண்ணமே இதற்குப் பாதிக் காரணம். சண்டையில் விழுந்தவனுக்குப் பாட்டு உண்டு, சிலை உண்டு. பாயில் படுத்து இறந்தவனுக்கு யார் பாட்டுக் கட்டுகிறார்கள்? வீரச்சாவைத் தேடிப் போகிறவர்கள், தியத்தலாவையில் சண்டையே இல்லை என்று தெரிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். காய்ச்சலால் வந்த சாவும் அந்தப் போர் கொடுத்த சாவுதான். போர் இல்லையென்றால் அந்த மனிதன் தன் பண்ணையில் சோளம் விதைத்துக்கொண்டு இருந்திருப்பான்.

மறதியின் அடுத்த காரணம், உறவுகள் ஊரைவிட்டுப் போனது. 1902 மே 31ஆம் திகதி போரை முடித்துவைத்த உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசம் காட்டுவதாகச் சத்தியம் செய்தவர்கள் கப்பல் ஏறினார்கள். சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கியவர்களில் எங்கெல்பிரெக்ட் என்பவரை யால காட்டின் கதையில் சந்திக்கலாம். அங்கே வனவிலங்குக் காவலராக இருந்தார். முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்கு உணவு கொடுத்தார் என்ற பொய்ச் சந்தேகத்தில் சிறைக்குப் போனார். 1922இல் இறந்தார். அவரைப் போன்ற ஓரிருவரைத் தவிர, தியத்தலாவைக் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்த ஆள் இல்லாமல் போயிற்று. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுத்தூண் நிற்கிறது. ஆனால் அதன் முன்னால் நின்று, இது என் பாட்டன் என்று சொல்லக்கூடியவர்கள் ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்.

இன்னொரு காரணம் கொஞ்சம் அலுவலகத்தனமானது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. கண்டியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, துப்புரவாக வைத்திருப்பார்கள். ஏறக்குறைய 200 பேர் அங்கே கிடக்கிறார்கள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர் எல்லோரும் ஒரே வளவில். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. கண்டியில் சண்டை நடக்கவில்லை. அங்கே கிடப்பவர்களிலும் நோயிலும் விபத்திலும் இறந்தவர்கள் உண்டு. அப்படியிருக்க அந்தக் கல்லறை மட்டும் ஏன் பளிச்சென்று இருக்கிறது?

1917இல் தொடங்கிய ஓர் ஆணைக்குழு அதைப் பராமரிக்கிறது. இன்று பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழு என்று பெயர். பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவர் பெயரையும் நிலையாகப் பொறிக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. இறந்தது குண்டாலா காய்ச்சலாலா என்று அது பார்ப்பதில்லை. படைச் சேவையில் இருந்தபோது இறந்தாரா என்று பார்க்கிறது. திகதியையும் பார்க்கிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை. இந்த இரண்டு காலத்துக்குள் இறந்த பொதுநலவாயப் படையினர் சுமார் 17 இலட்சம் பேர் அதன் பொறுப்பு. 1900இல் இறந்த போயர் கைதி அந்தத் திகதிக்குள்ளும் இல்லை, அந்தப் படைக்குள்ளும் இல்லை. ஒரே மலைநாட்டில் இரண்டு சேமக்காலைகள் இருந்து, ஒன்று இந்தப் பராமரிப்புக்குள்ளும் மற்றது அதற்கு வெளியேயும் நிற்பதற்கு இப்படி ஒரு வரி விதி போதும்.

அந்தக் கொள்கையும் எல்லோருக்கும் ஒழுங்காகப் பலிக்கவில்லை. 2021இல் ஆணைக்குழுவே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் ஆபிரிக்கரும் மத்திய கிழக்கினருமான குறைந்தது 116,000 பேருக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை, அல்லது நினைவுச்சின்னமே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. சுமை தூக்கியவர்கள், பாதை வெட்டியவர்கள் அவர்களில் ஏராளம். பெயர்ப் பட்டியலே எடுக்கவில்லை, எடுத்தவற்றையும் காக்கவில்லை. பட்டியல் இல்லாதபோது கல்லில் எதை வெட்டுவது?

மலையகத்துக்காரர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி நெஞ்சில் தைக்கவேண்டும். டிக்கோயாவின் வார்லி கோயிலும் பொகவந்தலாவையின் சென் மேரீஸ் கோயிலும் தோட்டத்துரைமாரின் கல்லறைகளோடு இன்னும் நிற்கின்றன. அங்கே பெயரும் திகதியும் பிறந்த ஊரும் கல்லில் இருக்கின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு துரைமார் குடும்பங்கள் போய்விட்டன. கல் இருந்ததால் பெயர் தங்கியது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடு வழியாக நடந்து வந்து, வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்த நம் முன்னோருக்குக் கல்லும் இல்லை, பதிவேடும் இல்லை. தோட்டத்து மயானத்தில் ஒரு குச்சி நட்டு, ஒரு செடி வைத்து வந்தோம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் போனபோது, எந்த மேடு யாருடையது என்று தெரிந்தவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். போயர்களுக்கு நடந்ததுதான் நமக்கும் நடந்தது. அவர்களுக்குக் கடைசியில் ஒரு தூணாவது மிஞ்சியது.

ஒரு சேமக்காலையைக் காப்பாற்றுவது என்றால் புல் வெட்டுவது என்று நினைத்துக்கொள்கிறோம். புல் திரும்ப முளைக்கும். பட்டியல் எடுத்து வைத்தால் அது தங்கும். இலங்கை சிவில் சேவையில் இருந்த ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி, தீவில் இருந்த பழைய கல்லறை எழுத்துகளைச் சேகரித்து 1913இல் புத்தகமாக்கினார். கல்லில் எழுத்துத் தேய்ந்தவர்களின் பெயரை இன்று அந்தப் புத்தகத்தில் தேடிப் பார்க்கலாம். 1976இல் லண்டனில் தொடங்கிய தென்னாசிய சேமக்காலைச் சங்கமும் இதே வேலையைச் செய்து வருகிறது.

இந்த வேலைக்கு அனுமதியும் பொறுமையும் ஒரு கொப்பியும் கையில் இருந்தால் போதும். கோயில் குருவானவரிடம் அல்லது தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். கல்லில் பாசி பிடித்திருந்தால் கம்பிப் பிரஷால் தேய்க்கக்கூடாது, அமிலம் ஊற்றக்கூடாது. இரண்டும் எழுத்தையே சுரண்டிக்கொண்டு போகும். மெல்லிய பிரஷும் வெறும் தண்ணீரும் பாவிக்கலாம். எழுத்து மங்கலாக இருந்தால் காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படம் எடுக்கவேண்டும். அப்போது பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். எழுத்துப் பிழையாக இருந்தாலும் இருக்கிறபடியே எழுதவேண்டும். ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி பள்ளிக்கூட நூலகத்தில், ஒன்று நம் வீட்டில்.

துரைமார் கல்லறையை எழுதி முடித்த கையோடு தோட்டத்து மயானத்துக்கும் அதே கொப்பியை எடுத்துப் போவோம். அங்கே கல் இருக்காது, அதனால் ஆட்களிடம்தான் கேட்கவேண்டும். லயத்தில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தால், அவருடைய அப்பாவும் அம்மாயியும் எந்தப் பக்கம் அடக்கம், என்ன பெயர், என்ன நோய், எந்த வருஷத்து மழைக்குப் பிறகு என்று கேட்டு எழுதிக்கொள்வோம். காய்ச்சலில் போனார் என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதுவோம். அந்தச் சாவு சின்னச் சாவு என்று யாரும் நமக்குச் சொல்ல இடம் வைக்கக்கூடாது.